பாத்திரக்கடை மாடியில் இருந்தவர்

அந்தச் செய்தி வந்தபோது பிள்ளைக்கு இட்லி ஊட்டிக்கொண்டிருந்தேன். அலைபேசித் திரையில் 'ஸ்டீல் பாத்திரக்கடை' என்று வந்தது. அந்த எண்ணுக்கு நான் வைத்திருந்த பெயர் அதுதான். திறந்து பார்த்தேன். "எங்கள் அம்மா ஹெலன் புஷ்பா இன்று அதிகாலை மாரடைப்பால் கர்த்தருக்குள் நித்திரையடைந்தார். அம்மாவின் அலைபேசியில் இருக்கும் எல்லோருக்கும் இதை அனுப்புகிறேன். மகள் ஜெனி" என்றிருந்தது.

என் மாமியார் அடுப்படியிலிருந்து குரல் கொடுத்தார்.

"யாருட்டி காலையிலே?"

"பாத்திரக்கடை, மாமி."

"இந்நேரத்துக்கு அவங்களுக்கு என்னவாம்?"

"ஏதோ தள்ளுபடி போட்டிருக்காங்களாம்."

"குக்கருக்கு உண்டுமான்னு பாரு. நம்ம குக்கருக்க வாஷர் போச்சு."

பார்க்கிறேன் என்று சொன்னேன். பிள்ளை வாயைத் திறந்துகொண்டு காத்திருந்தது. அடுத்த துண்டு இட்லியைச் சட்னியில் தொட்டு அதன் வாயில் வைத்தேன். என்னை மறுபடி மனுஷியாக்கிய ஒருவரின் சாவைத் தள்ளுபடி என்று சொல்லிவிட்டு, அழக்கூட முடியாமல் இட்லி ஊட்டிய அந்தக் காலையை நினைத்தால் இப்போதும் முகம் சுடுகிறது.

ஹெலன் புஷ்பா அவர்களை அறியாதவர்களுக்காகச் சொல்கிறேன். அவர் மனநல ஆலோசகர். மனச்சோர்வு என்று இப்போது பெயர் சொல்கிற நோய்க்குப் பேச்சின் வழியாகச் சிகிச்சை தருவது அவருடைய தொழில். மார்த்தாண்டத்துப் பக்கம் பிறந்தவர். நாகர்கோவிலில் ஒரு பாத்திரக்கடையின் மாடியில் அறை எடுத்து வேலை பார்த்தார். அந்த மாடிக்கு இரண்டு படிக்கட்டுகள். ஒன்று தெருவைப் பார்த்தது; அதில் ஏறினால் எதிர்ச் சாயாக்கடையில் நிற்கிற அத்தனை பேருக்கும் தெரியும். மற்றது கடைக்குள்ளே, குக்கர் அடுக்குக்குப் பின்னால். அந்த உள்படிக்காகவே அவர் அந்த அறையைப் பிடித்தார் என்பது பிறகு தெரிந்தது. நான் எப்போதும் உள்படியில்தான் ஏறினேன். இறங்கும்போது ஒரு கரண்டியோ, சாயா வடிகட்டுகிற அரிப்போ, ஒரு சின்ன மூடியோ வாங்கிக்கொண்டு வீடு திரும்பினேன். "இந்த வீட்டுல தின்ன ஆளவிடக் கரண்டி கூடிப்போச்சு" என்று மாமி சொல்லிக் காட்டுவார்.

அடக்கம் முடிந்து சில நாள் கழித்து ஜெனியிடமிருந்து இன்னொரு செய்தி வந்தது. அம்மாவுக்கு ஒரு சிறிய நினைவு மலர் அச்சிடப் போவதாகவும், மாடிக்கு வந்துபோனவர்களும் எழுதலாம் என்றும், பெயர் போட வேண்டிய கட்டாயமில்லை என்றும் எழுதியிருந்தார். எழுதுவேன் என்று அன்றே முடிவுசெய்தேன். அடியில் என் பெயரை எழுதுவேனா என்பது இந்த வரியை எழுதும்போதும் எனக்குத் தெரியவில்லை. நம் ஊரில் அச்சடித்த தாள் யார் வீட்டு மேசைக்குப் போகும் என்று சொல்ல முடியாது. என் மகள் நாளை வளர்வாள். 'அவளுக்க அம்மைக்குக் கிறுக்கு' என்று யாராவது ஒரு வார்த்தை சொன்னால் போதும். இந்தப் பயத்தில்தான் இவ்வளவு தாமதம். ஜெனி பொறுத்துக்கொள்ள வேண்டும்.

நான் முதன்முதல் அவரிடம் போனது பிள்ளை பிறந்த சில மாதங்களில். கணிதத்தில் முதுகலை படித்தவள் நான். கல்யாணத்துக்கு முன் ஒரு கல்லூரியில் பாடமும் எடுத்தேன். பிள்ளை பிறந்ததும் என்னால் ஒரு சாயா போட முடியவில்லை. அடுப்பைப் பற்றவைத்துவிட்டு அடுத்தது என்ன என்று தெரியாமல் நிற்பேன். அழுகை வந்தாலாவது பரவாயில்லை, அதுவும் வரவில்லை. பிள்ளை அழும்போது யாருடைய பிள்ளையோ எங்கோ அழுவதுபோல் கேட்கும். கிணற்றுப் பக்கம் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு போனால், கை நழுவிவிடுமோ என்று ஒரு காட்சி மனதில் ஓடும். அதை யாரிடம் சொல்வது. கணவர் குவைத்திலிருந்து வீடியோ அழைப்பில் "நல்லா சாப்பிடு, ஒறங்கு" என்பார். மாமி கண்ணேறு என்று உப்பு மிளகாய் சுற்றிப் போட்டார். தடுப்பூசி போட்ட பெண் மருத்துவர் பிள்ளையைப் பார்த்த நேரத்தைவிட என்னை அதிக நேரம் பார்த்தார். ஒரு துண்டுச் சீட்டில் ஹெலன் மேடத்தின் எண்ணை எழுதிக் கொடுத்து, "கீழ பாத்திரக்கடை இருக்கு, அதுக்குள்ள கூடிப் போங்க" என்றார்.

முதல் நாள் நான் ஒன்றும் பேசவில்லை. நாற்காலியின் நுனியில் இருந்தேன். நோயாளி ஆகிவிட்டேன் என்பதைவிட, அங்கே வந்து இருக்கிறேன் என்பதுதான் பெரிய அவமானமாக இருந்தது. அவர் எதையும் குறித்துக்கொள்ளவில்லை. வெகுநேரம் கழித்து, "மக்கா, ஒங்க வீட்டுல கெணத்துல மோட்டார் உண்டா?" என்று கேட்டார்.

"உண்டு."

"சில நாளு மோட்டார் ஓடும், சத்தம் கேக்கும், டேங்குல ஒரு சொட்டு தண்ணி விழாது. கண்டிருக்கியா?"

"காத்து அடச்சிரும்."

"அப்பம் கெணறு வத்திப் போச்சுன்னு சொல்லுவியா?"

இல்லை என்று தலையாட்டினேன்.

"ஒனக்கு இப்பம் அதுதான். நீ மோசமான அம்மையும் இல்ல, வேலைக்கு மடிக்குத மடிச்சியும் இல்ல. நீ ஓடிட்டுத்தான் இருக்கா. தண்ணி ஏறல. மேல கொஞ்சம் தண்ணி ஊத்திக் குடுத்தா பைய புடிக்கும். எங்க ஊத்தணும்னு நாம ரெண்டு பேருமா கண்டுபிடிக்கலாம்."

துக்கம் வேறு, மனச்சோர்வு வேறு என்பதை அன்று விளக்கினார். துக்கத்துக்கு ஒரு காரணம் இருக்கும், காரணம் விலகினால் அதுவும் குறையும். நடுவில் சிரிப்பும் பசியும் வந்துபோகும். இது அப்படியில்லை, உறக்கம், பசி, ஆசை, தன்னைப் பற்றிய நினைப்பு எல்லாவற்றின் மேலும் ஏறி உட்கார்ந்துகொள்ளும், வாரக்கணக்கில் இறங்காது என்றார். பிரசவித்த பெண்களுக்கு இது வருவது அபூர்வமில்லை என்றார். கிணற்றுக் காட்சியை நான் மென்று விழுங்கிச் சொன்னபோது அவர் முகம் மாறவில்லை. "அத நினச்சு நீ பயப்படுதா பாத்தியா, அதுதான் நீ. அந்தக் காட்சி நீ இல்ல" என்றார்.

கிளம்பும்போது ஒரு விஷயம் சொன்னார். இந்தக் கட்டுரையே அதைப் பற்றியதுதான்.

"வெளிய கோயில்லயோ கல்யாண வீட்டுலயோ நாம பாக்க வேண்டி வரும். நான் ஒன்னத் தெரிஞ்ச மாதிரி காட்ட மாட்டேன். வருத்தப்படப்பிடாது. நீ சிரிச்சா நான் சிரிப்பேன். மொதல்ல சிரிக்க வேண்டியது நீ. நீ சிரிக்கலைன்னா நீ யாரோ, நான் யாரோ."

நல்லதாய்ப் போயிற்று என்று நினைத்தேன். வெளியில் அவரைப் பார்த்துச் சிரிக்கிற எண்ணம் எனக்கு அறவே இல்லை.

முதலில் அவர் என் எண்ணங்களோடு மோதிப் பார்த்தார். 'நான் கெட்ட தாய்' என்று மனம் சொன்னால், அதற்கு என்ன ஆதாரம், எதிராக என்ன ஆதாரம் என்று நான் எடுத்துச் சொல்ல வேண்டும். சிந்தனையின் பிசகைக் கண்டு திருத்துகிற இந்த வழி நிறையப் பேருக்குப் பலன் தருவது. என்னிடம் அது எடுபடவில்லை. கணக்கு படித்தவள் அல்லவா, தேற்றத்தை நிறுவுகிற மாதிரி நான் கெட்ட தாய்தான் என்று ஒவ்வொரு வாரமும் நிறுவிவிட்டு வந்தேன். அவர் சிரித்துவிட்டார்.

"ஒனக்க மூளை வக்கீலாட்டு. எந்தப் பக்கம் நின்னாலும் ஜெயிக்குது. அதுகூட வழக்காடி நமக்கு முடியாது மக்கா. இந்த வைத்தியம் கொள்ளாம், நல்லதுதான், ஆனா இப்பம் ஒனக்கு ஒத்து வரல. வேற பாப்போம்."

தனக்குத் தெரிந்த ஒரு முறையைப் பிடித்துக்கொண்டு எல்லோரையும் அதற்குள் திணிக்கிறவர் அவர் இல்லை. சிலருக்குச் சிந்தனையைப் பிடித்தால் வழி வரும், சிலருக்குச் செயலை. சிலருக்கு இப்போதிருக்கிற உறவுகளைச் சீர்செய்ய வேண்டும். சிலர் சின்ன வயசுக்குத் திரும்பிப் போய் அங்கே எதையோ பார்த்துவிட்டு வர வேண்டும் என்பார். "ஒன்ன அங்க இழுத்துட்டுப் போவ மாட்டேன். தானா நீ போனா கூட வருவேன்" என்றார்.

பிறகு செயலைப் பிடித்தார். மனம் சரியான பிறகு வேலை செய்யலாம் என்று காத்திருக்காதே, சின்ன வேலையைச் செய், மனம் பின்னால் வரும் என்றார். காலையில் முன்கதவைத் திறப்பது, பிள்ளையின் ஒரு துணியை மட்டும் கொடியில் போடுவது. ஒரு துணி போட்டால் போதும், இரண்டாவது போட்டால் எனக்குத் தண்டனை என்று சிரிப்பார். கொடியில் ஒற்றைத் துணி கிடப்பதைப் பார்த்து மாமி, "இது என்னட்டி, கொடி நாட்டி வச்சிருக்கா?" என்று கேட்டார். ஒரு வாரத்தில் முழு வாளியும் காய்ந்தது.

அடுத்து அவர் சொன்னதுதான் தவறிப்போனது. மனம் அலையும்போது உடம்பின் உணர்வில் நிற்கப் பழகுவது ஒரு முறை. "ஒங்க வீடு இராஜாக்கமங்கலம்லா? கடல் பக்கம்தானே. சாயங்காலம் பிள்ளைய மாமிக்கிட்ட விட்டுட்டுக் கொஞ்ச நேரம் போயிரு. செருப்பக் கழத்தி வச்சிட்டு மண்ணு காலுல படுகது எப்பிடின்னு மட்டும் பாரு. வேற ஒண்ணும் செய்யாண்டாம்" என்றார்.

போனேன். சொன்னபடியே செருப்பைக் கழற்றி ஓரமாகச் சேர்த்து வைத்தேன். ஈர மண்ணில் நின்றேன். அலை வந்து காலை நனைத்தது. ஒரு அடி முன்னால் வைத்தேன். பின்னால் சத்தம் கேட்டது.

"ஏலே, அந்தப் பிள்ளைய பாரு. செருப்பக் கழத்தி வச்சிருக்கா."

வலை பிரித்துக்கொண்டிருந்த ஆண்கள் எழுந்துவிட்டார்கள். மீன் கூடையை இறக்கி வைத்துவிட்டு ஒரு அம்மாள் ஓடி வந்து என் முழங்கையைப் பிடித்தார். பிடி இரும்பு மாதிரி இருந்தது.

"மக்கா, வா இஞ்ச. வந்து இரி."

"சும்மா காத்து வாங்க வந்தேன் அக்கா."

"காத்து வாங்க வாறவ ஆளு கூட வருவா. ஒத்தையில வந்து செருப்பக் கழத்தி வச்சிட்டு கடலப் பாத்து நிப்பாளா? நான் எத்தன பேரக் கண்டிருக்கேன்."

"சத்தியமா அக்கா, மண்ணுல கால் வைக்கச் சொன்னாங்க."

"யாரு சொன்னா?"

சொன்னால் கதை நாறும். அதற்குள் நான்கைந்து பெண்கள் சுற்றி உட்கார்ந்துவிட்டார்கள். மாப்பிள்ளை அடிக்கிறானா, மாமியார் சோறு போடவில்லையா, நகையை விற்றுவிட்டானா என்று ஒவ்வொருவரும் ஒரு காரணம் எடுத்துக் கொடுத்தார்கள். நான் எல்லாவற்றுக்கும் இல்லை இல்லை என்றேன். "ஒண்ணும் இல்லியா? பின்ன என்னத்துக்குட்டி சாவப் பாத்தா?" என்று கூடைக்கார அம்மாள் நிஜமாகவே எரிச்சல்பட்டார். எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. மாதங்கள் கழித்து வந்த முதல் சிரிப்பு. ஒரு பையில் சாளை அள்ளிப் போட்டு, என் கையில் தந்து, வீட்டு வாசல் வரை வந்து விட்டுவிட்டுத்தான் அவர் போனார். மாமி மீனைப் பார்த்து, "நல்ல பச்ச சாளை. எங்கட்டி வாங்குனா?" என்றார்.

அடுத்த முறை இதைச் சொன்னபோது ஹெலன் மேடம் முதலில் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார். பிறகு முகம் வாடிவிட்டது.

"தப்பு எனக்க. நான் மார்த்தாண்டத்துக்காரி. எனக்குக் கடலு பாக்கதுக்கு உள்ள எடம். ஒங்களுக்கு அது வேல செய்யிய எடம், ஆளு சாவப் போவுற எடம். யோசிக்காம சொல்லிட்டேன். மன்னிச்சிரு."

வைத்தியம் பார்க்கிற யாரும் என்னிடம் அப்படி மன்னிப்புக் கேட்டு நான் கண்டதில்லை. அதனாலோ என்னவோ, ஒளித்துவைத்திருந்ததைச் சொல்லிவிட்டேன். "அவங்க நினச்சது முழுசா தப்பில்ல மேடம்."

ஒரு அடி முன்னால் வைத்தேன் என்று எழுதினேன். அந்த அடியை நான் மண்ணை உணர்வதற்காக வைக்கவில்லை. தொட்டிலில் பிள்ளை கிடக்கும்போது இப்படி ஒரு நினைப்பு வந்ததே என்கிற வெட்கம் இன்றைக்கும் முழுதாகப் போகவில்லை.

அவர் சுற்றிவளைக்கவில்லை. சாக வேண்டும் என்று தோன்றுகிறதா, எப்போது தோன்றுகிறது, எப்படி என்று யோசித்தாயா, இன்றைக்கு இருக்கிறதா என்று நேராகக் கேட்டார். யாரும் கேட்காத கேள்வியை ஒருவர் கேட்டதும் நெஞ்சுப் பாரம் இறங்கியது. கேட்டால் அந்த எண்ணம் கூடிவிடும் என்று பயந்துதான் வீட்டார் கேட்காமல் இருக்கிறார்கள், கேட்டால் குறையவே செய்யும் என்றார். அன்றே மனநல மருத்துவர் ஒருவரிடம் அனுப்பினார். பேச்சோடு மருந்தும் வேண்டிய நேரம் இது, பால் கொடுப்பதைச் சொல்லு, அதற்குத் தக்கதைத் தருவார்கள் என்றார். அவர் அறையிலேயே, அவர் பக்கத்தில் இருக்க, கணவரை அலைபேசியில் அழைத்து எல்லாவற்றையும் சொன்னேன். கணவர் குறுக்கிடாமல் முழுதும் கேட்டார். பிறகு, "நான் லீவு கேக்குதேன். அம்மைக்கிட்ட சொல்லாண்டாம்" என்றார்.

அந்த நாளுக்குப் பிறகு ஹெலன் மேடம் வழியை மாற்றினார். "கடக்கரையில அந்தப் பொம்பளையள் சுத்தி இருந்து பேசினப்பம் எப்பிடி இருந்து?" என்று கேட்டார். நன்றாக இருந்தது என்றேன். "அப்பம் ஒனக்கு மண்ணு வேண்டாம், மனுசங்க வேணும்" என்றார். வேலை பார்த்தவள் வீட்டோடு ஆனது, கணவர் தூரத்தில் இருப்பது, தாய் என்கிற புதுப் பொறுப்பு, இப்படி வாழ்க்கையில் இடம் மாறும்போது உறவுகளில் விழுகிற விரிசலைப் பார்த்து, ஒவ்வொன்றாக அடைக்கிற முறை அது. யாரிடம் என்ன கேட்க வேண்டும், எப்படிக் கேட்க வேண்டும் என்று அவரே மாமியாக நடித்துப் பழக்குவார். என் மாமியை அவர் பார்த்ததே இல்லை. ஆனால் இடுப்பில் கை வைத்து "என்னட்டி" என்றால் அச்சு அசல். மீன் வாங்கும் சாக்கில் பிள்ளையோடு அந்தக் கூடைக்கார அம்மாவிடம் போகத் தொடங்கினேன். இன்றும் போகிறேன். அவர் இன்றும் என் காலில் செருப்பு இருக்கிறதா என்று பார்ப்பார்.

வெட்கத்துக்கும் அவர் ஒரு கேள்வி வைத்திருந்தார். "இதே சீக்கு ஒனக்க தங்கச்சிக்கு வந்தா, சீ போட்டின்னு சொல்லுவியா?" மாட்டேன். "பின்ன ஒனக்கு மட்டும் என்னத்துக்கு?" அந்தக் கேள்வியை வீட்டுக்கு எடுத்துப் போனேன். பதில் வரும்வரை அவர் அவசரப்படுத்தவில்லை.

இப்படித் தேறி வருகிற காலத்தில்தான் அந்தக் கல்யாணம். கணவர் வீட்டு உறவு, நாகர்கோவிலில் பெரிய மண்டபம். பந்தியில் உட்கார்ந்து நிமிர்ந்தால், எதிர்வரிசையில் ஹெலன் மேடம். பார்த்தார்; அதே பார்வையில் என்னைக் கடந்து இலையைப் பார்த்தார். என் பக்கத்தில் இருந்த சின்ன மாமி, கல்யாணத்துக்குப் பிறகு கிறிஸ்தவ சபைக்குப் போகிறவர், முழங்கையால் இடித்தார்.

"எதுத்தாப்புல இருக்காளே, தெரியுமா? எங்க சபைதான். மொகத்துக்கு மொகம் பாத்தாலும் சிரிக்க மாட்டா. அவளுக்க தலைக்கனம் பாத்தியா?"

எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள். ஒரு சிரிப்பு சிரித்திருந்தால் அவரும் சிரித்திருப்பார். அந்தப் பேச்சு அங்கேயே நின்றிருக்கும். ஆனால் எப்படித் தெரியும் என்று அடுத்த கேள்வி வரும். நான் "ஆமா, அப்பிடித்தான் தெரியுது" என்று சொன்னேன். அப்பளத்தை நொறுக்கினேன்.

அடுத்த வாரம் மாடிக்குப் போய் அழுதுகொண்டே சொன்னேன். அவர், "நான் இலையில அடப்பிரதமன் பாயசத்தத்தான் பாத்தேன். நல்ல பாகம்" என்றார். பிறகு என் பக்கம் குனிந்து, "மக்கா, அந்தப் பந்தியில எனக்குத் தெரிஞ்சவ நீ மட்டும்னா நினச்சா? எல்லாத்துக்கும் சேத்து எனக்கு ஒரே மொகம்தான் வச்சுக்க முடியும். தலைக்கனம்னு சொல்லிட்டுப் போட்டும். அது எனக்குக் கனமா இல்ல" என்றார்.

யாரிடம் சொல்ல வேண்டும், எப்போது சொல்ல வேண்டும் என்று அவர் ஒருபோதும் வற்புறுத்தவில்லை. "சொல்லாம இருக்கது ஒனக்க அவகாசம், ஒனக்க உரிமை. வெக்கத்துல சொல்லாம இருக்கியா, வேண்டாம்னு சொல்லாம இருக்கியான்னு மட்டும் அப்பப்பம் பாத்துக்க" என்றார். ஒரு நாள், "இனி வராண்டாம். மறுபடி உறக்கம் போச்சுன்னா, பிள்ளைய பாக்கப் பிடிக்கலன்னா, அன்னைக்கே வா" என்று அனுப்பிவைத்தார். கடைசியாக ஒரு அரிப்பு வாங்கிக்கொண்டு இறங்கினேன். அதன் பிறகு கிறிஸ்துமஸுக்கும் பொங்கலுக்கும் ஒரு வரி வாழ்த்து. அவ்வளவுதான்.

அடக்கத்துக்குப் போனேன். மாமியிடம் வாஷர் வாங்கப் போகிறேன் என்று சொன்னேன். வீட்டு முற்றத்தில் பந்தலும் பாட்டும் இருந்தன. வருகிறவர்களுக்குச் சாயா கொடுத்துக்கொண்டிருந்த மேடத்தின் தங்கை, "நீங்க எந்த வழியில மக்கா?" என்று கேட்டார்.

"பாத்திரக்கடையில பழக்கம்" என்றேன்.

அவர் பக்கத்தில் இருந்த நடுவயதுக்காரரைக் காட்டி, "இவரும் பாத்திரக்கடைன்னு சொன்னாரு. அந்தக் காலேஜ் பிள்ளையளும் பாத்திரக்கடை. எங்க அக்காளுக்குப் பாத்திரக்கடையில இம்புட்டுச் சொந்தமா?" என்றார்.

நடுவயதுக்காரர் தரையைப் பார்த்தார். நானும் பார்த்தேன். பந்தலில் அங்கங்கே, யாரோடும் சேராமல், தனித்தனி நாற்காலியில் தலைகுனிந்து இருந்தவர்களை அப்போதுதான் கவனித்தேன். யாரும் யாரையும் பார்க்கவில்லை. எல்லோர் வீட்டிலும் கரண்டி கூடிப்போயிருக்கும். ஜெனி வந்து, "சித்தி, யாரையும் ஒண்ணும் கேக்காண்டாம். சாயா மட்டும் குடுங்க" என்றார். வெளியே ஒரு பெண் இன்னொருத்தியிடம், "அந்தத் தலைக்கனத்துக்கு இவ்வளவு ஆளா" என்று கேட்டது காதில் விழுந்தது. இரண்டாம் முறையும் நான் அவருக்காகப் பேசவில்லை. கண்ணாடிப் பெட்டிக்குள் அவர் முகம் பந்தியில் பார்த்த அதே முகமாக இருந்தது. எல்லாருக்கும் பொதுவான முகம்.

அதற்குப் பிறகுதான் மாமியிடம் சொன்னேன். அவர் உள்ளி உரித்துக்கொண்டிருந்தார்.

"மாமி, நான் பாத்திரம் வாங்கப் போவல. மாடியில மனசுக்கு வைத்தியம் பாக்கவங்க இருந்தாங்க. அவங்க செத்துப்போனாங்க. அன்னைக்கு வாஷர்னு சொல்லிட்டு அவங்க அடக்கத்துக்குத்தான் போனேன்."

கத்தி நின்றது. "கிறுக்குக்கா?"

"கிறுக்கு இல்ல மாமி. நம்ம மோட்டார் ஓடும், தண்ணி ஏறாதுலா. அந்த மாதிரி."

"காத்து அடச்சது."

"அதுதான்."

கொஞ்ச நேரம் உரித்தார். "இப்பம் ஏறுதா?"

"ஏறுது."

"செரி. ஊருல சொல்லாண்டாம். பிள்ளை ஒண்ணு இருக்கு." பிறகு அடுப்படிச் சுவரில் தொங்குகிற வரிசையை நிமிர்ந்து பார்த்தார். "அப்பம் இந்தக் கரண்டி எல்லாம் அதுக்குத்தானா? சவம், ஒண்ணாவது நல்லதா வாங்கியிருக்கப்பிடாதா. எல்லாத்துக்கும் பிடி சுடுது."

அவர் சொன்ன பயம்தான் என் பயமும். அவரிடம் நான் வாதாடவில்லை.

நேற்று, இதில் முக்கால்வாசி எழுதிய பிறகு, பிள்ளையைக் கூட்டிக்கொண்டு ஜெனியைப் பார்க்க நாகர்கோவில் போனேன். அறையைக் காலி செய்துகொண்டிருப்பதாகச் சொல்லியிருந்தார். கடை வாசலில் வழக்கம்போல் உள்ளே நுழையப் போனவள், நின்று, தெருப்படியில் ஏறினேன். சாயாக்கடையில் நின்றவர்கள் பார்த்தார்கள். ஒருவரை எனக்குத் தெரியும். பிள்ளை ஒவ்வொரு படிக்கும் இரண்டு காலையும் வைத்துத்தான் ஏறும். அதனால் வேகமாக மறையவும் வழியில்லை.

மேலே நாற்காலிகள் அடுக்கியிருந்தன. ஜெனி மலரின் அட்டைப்படத்தைக் காட்டினார். ஹெலன் மேடம் கண் சுருங்க, பல் தெரிய, தோள் குலுங்கச் சிரிக்கிற படம்.

"சபையில காட்டினேன். இது உங்க அம்மா மாதிரியே இல்ல, வேற படம் போடுன்னு சொல்றாங்க" என்றார் ஜெனி. "எனக்கும் குழப்பமா இருக்கு அக்கா. மாத்தணுமா?"

"மாத்தாண்டாம்" என்றேன். "இது அவங்கதான். இதத்தான் நாங்க பாத்தோம்."

நாங்கள் என்று என் வாயில் வந்தது. பந்தலில் தனித்தனியாக இருந்தவர்கள் நினைவுக்கு வந்தார்கள். அவர்கள் இந்த மலரைப் படித்தால், இங்கே ஒருத்தி பெயரோடு இருக்கிறாள் என்பதை மட்டும் பார்க்கட்டும். அவர்களும் போட வேண்டும் என்பதற்கில்லை. சொல்லாமல் இருப்பது அவர்கள் உரிமை. நான் இதுவரை சொல்லாமல் இருந்தது வெட்கத்தில் என்பதால் சொல்கிறேன்.

ஜெனி மேசைக்குள் எதையோ தேடத் திரும்பியபோது, படத்தை ஜன்னலோரம் வைத்தேன். தெருவில் போகிறவர்களுக்குத் தெரியும் இடம். மேடம், இந்த முறை நான் முதலில் சிரித்தேன். படத்தில் நீங்களும் சிரித்து, சொன்ன சொல்லைக் காப்பாற்றிக்கொண்டுதான் இருந்தீர்கள். போய் வாருங்கள்.

சுபலெட்சுமி
இராஜாக்கமங்கலம்